முள் அசையவில்லை

— கெட்டுப்போச்சுன்னு ஒரே ஒரு வரி எழுதி, கடை முத்திரை குத்திக் கொடும்மா. நான் பாட்டுக்குப் போயிடறேன்.

— சார், இது குளிர் காயற விறகு அடுப்பு விக்கற கடை. செத்ததுக்குச் சான்றிதழ் எழுதற ஆபீஸ் இல்ல. முதல்ல அந்தத் தெர்மாமீட்டரைக் கையில கொடுங்க, பாக்கலாம். அதென்ன, பச்சைக் குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்த மாதிரி துண்டுல சுத்திப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க?

— அளக்கற சாமானை அப்படித்தாம்மா கொண்டு வரணும். பஸ் குலுக்கலுக்கு முள் தடம் மாறிடும். முப்பத்திரண்டு வருஷம் எடை அளவு ஆபீஸ்ல இன்ஸ்பெக்டரா இருந்தவன் நான். தராசு, படி, பெட்ரோல் பம்பு, ஒண்ணு விடாம முத்திரை குத்தின கை இது. எனக்கே துண்டைப் பத்திப் பாடமா?

— ஐயோ, தெரியாமப் போச்சு. கும்பிட்டுக்கறேன். இப்பக் குழந்தையைக் கொடுக்கறீங்களா?

— மெதுவா. கண்ணாடியைத் தொடாத.

— தொடல. சரி, என்ன பண்ணுது இதுக்கு?

— ஒண்ணும் பண்ணல. அதான் பிரச்சினை. இன்னிக்குக் காலையில இருந்து முள் அசையல. ஆறு மணிக்கு எழுபது காட்டணும். பதினெட்டுலயே படுத்துக் கிடந்தது. ஏழுக்கும் பதினெட்டு. எட்டுக்கும் பதினெட்டு. எட்டரைக்குக் கழட்டிக்கிட்டு வந்துட்டேன். பதிவுல இருக்கு, நோட்டைக் காட்டட்டுமா?

— நோட்டு வேறயா! அப்புறம் பாத்துக்கலாம். பாருங்க, இந்தக் கடை அடுப்பு காலையில இருந்து எரியுது. இதோட குழாயில உங்களோடதை ஒட்டறேன். பக்கத்துலயே என்னோடதையும் ஒட்டறேன். பத்து நிமிஷம் பொறுங்க, ரெண்டு முள்ளும் என்ன சொல்லுதுன்னு கேட்டுடலாம். அதுவரைக்கும் அந்த ஸ்டூல்ல உக்காருங்க. காந்தம் நல்லாத்தான் பிடிக்குது. உங்க அடுப்பு எந்த சைஸு? சின்னதா, நடுவாந்திரமா?

— எனக்கு அடுப்பு கிடையாது.

— என்ன சொன்னீங்க?

— அடுப்பு கிடையாதுன்னேன்.

— அடுப்பு கிடையாது. ஆனா அடுப்புத் தெர்மாமீட்டர் இருக்கு. அதுக்கு நோட்டும் இருக்கு. சைக்கிள் வாங்காம பெல்லை மட்டும் வாங்கி தினம் அடிச்சுப் பாக்கற ஆளா சார் நீங்க?

— கிண்டல் போதும். அடுப்பு கீழ் வீட்டுல இருக்கு. அதோட புகைக்குழாய் என் அறை வழியா மேல ஏறி, கூரையைத் தாண்டிப் போகுது. என் கட்டிலுக்கும் குழாய்க்கும் நடுவுல நாலடி. அந்தக் குழாயிலதான் இதை ஒட்டி வச்சிருக்கேன்.

— அடடா. அடுப்பு அடுத்தவங்களோடது, காய்ச்சல் பாக்கறது நீங்க. கீழ் வீட்டுல யாரு, குடித்தனக்காரங்களா?

— ஒரு பஸ் டிரைவர்.

— வாடகைக்கா?

— சொந்தம். கீழ்ப்பாகம் அவனோடது, மேல்பாகம் என்னோடது. பத்திரத்துல தெளிவா இருக்கு.

— நல்லது. ஆ, பாருங்க பாருங்க, முள் எந்திரிச்சிடுச்சு! உங்களோடது தொண்ணூறு, என்னோடது தொண்ணூத்தஞ்சு. ரெண்டும் ஒண்ணா ஏறுது, கூடப் பொறந்த அண்ணன் தம்பி மாதிரி.

— அண்ணன் தம்பி ஒண்ணா ஏறுவாங்கன்னு உனக்கு யாரும்மா சொன்னது?

— ஏன் சார் இப்படி விழறீங்க? ஒரு பேச்சுக்குச் சொன்னேன். ...ஓ. அந்த பஸ் டிரைவர் உங்க தம்பியா?

— பதினோரு வருஷமா பஸ் டிரைவர் மட்டும்தான்.

— பேச்சு வார்த்தை இல்லையா? சொத்துத் தகராறா?

— சொத்தெல்லாம் சரி பாதி. ஒரு அங்குலம் அவனுக்கு அதிகம் போகல, எனக்கும் போகல. நானே டேப் வச்சு அளந்தேன். தகராறு அதுக்கு முந்தியே வந்தது. அவன் அப்ப விறகுக் கடை வச்சிருந்தான். சோதனைக்குப் போன இடத்துல அவன் தராசைப் பாத்தேன். ஐம்பது கிலோவுக்கு அரைக் கிலோ வித்தியாசம். சீல் வச்சேன்.

— கூடப் பொறந்தவர் கடைக்கேவா?

— முத்திரைக்கு ரத்த பந்தம் தெரியாதும்மா.

— அரைக் கிலோ குறைச்சுப் போட்டு ஊரை ஏமாத்தினாரா அவரு?

— குறைச்சுன்னு நான் சொன்னேனா? வித்தியாசம்னு சொன்னேன். அரைக் கிலோ கூடப் போய்க்கிட்டிருந்தது.

— கூடவா? அப்போ வாங்கறவங்களுக்குத்தானே லாபம்? நஷ்டம் அவருக்குத்தானே?

— தப்பு தப்புதான். யாருக்கு லாபம்னு சட்டத்துல பிரிவு கிடையாது.

— சரியாப் போச்சு. ஊருக்கு விறகை அள்ளிக் கொடுத்த குத்தத்துக்குத் தம்பி கடையைப் பூட்டின ஒரே அதிகாரி நீங்களாத்தான் இருக்கும். மெடல் கொடுத்தாங்களா?

— மாலை கூட போடல. அவனும் சீலைப் பிரிக்க மனுக் கொடுக்கல. முரட்டுப் பய. தராசைச் சரி பண்ணி ஒரு மனுக் கொடுத்திருந்தா மூணாம் நாள் கடை திறந்திருக்கலாம். என்கிட்ட மனுக் கொடுக்கறதுக்குப் பதிலா பஸ் ஓட்டறேன்னு போயிட்டான். சரி, அதை விடு. இப்ப எவ்வளவு காட்டுது?

— நூத்தி நாப்பது உங்களோடது. நூத்தி நாப்பத்தஞ்சு என்னோடது. கெடல சார். குத்துக்கல்லு மாதிரி இருக்கு. துண்டுல சுத்தி எடுத்துக்கிட்டுப் போங்க.

— அஞ்சு டிகிரி வித்தியாசம் இருக்கே.

— அஞ்சு டிகிரிக்காக எனக்கும் சீல் வைப்பீங்களா? காந்தத் தெர்மாமீட்டர்ல பத்து டிகிரி முன்னப்பின்ன இருக்கும். இது ரத்தத்துல சர்க்கரை பாக்கற மெஷின் இல்ல. அடுப்பு ரொம்ப மந்தமா எரியுதா, அளவா எரியுதா, இல்ல குழாயே சிவக்கப் போகுதான்னு சொன்னாப் போதும்.

— உன்னோடதும் கெட்டிருந்தா? கெட்ட கல்லை வச்சு கெட்ட கல்லை நிறுத்தா சரியாத்தான் தெரியும். மூணாவது ஒண்ணு வேணும்.

— வேணுமா? இந்தாங்க, துப்பாக்கி. பயப்படாதீங்க, சூடு பாக்கற துப்பாக்கிதான். குழாயைக் குறி வச்சு அமுக்குங்க.

— நூத்தி நாப்பத்தி மூணு.

— ஆச்சா? மூணு சாட்சி.

— இரு. அந்தக் கெட்டிலைப் பாக்கறேன். தண்ணி தளதளன்னு கொதிக்குது, முப்பத்தெட்டுன்னு காட்டுது உன் துப்பாக்கி! இதையா நம்பச் சொல்ற?

— கெட்டில் பளபளன்னு இருக்கு சார். பளபளப்பு இருந்தா துப்பாக்கி ஏமாந்துடும். தன் சூட்டைச் சொல்லாம எதிர்ல இருக்கறவங்க சூட்டைத் திருப்பிக் காட்டும். இந்தாங்க, கெட்டில் மேல கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டறேன். இப்ப அடிங்க.

— தொண்ணூத்தாறு... அட! இது எங்க ஆபீஸ்ல இல்லாமப் போச்சே. என்னமா காட்டுது!

— பாத்தீங்களா, முகத்துல இப்பத்தான் கொஞ்சம் வெளிச்சம் வருது. குழாய் கறுப்புப் பெயின்ட், அதனால அங்க சொன்னது நிஜம். மூணு பேரும் ஒரே வாக்குமூலம். உங்க தெர்மாமீட்டர் நிரபராதி.

— இங்க வேலை செய்யுது. அங்க செய்யல. குளிர்ல காந்தம் இறுகியிருக்கும்.

— காந்தம் ஒட்டறதுக்கு மட்டும்தான். முள்ளைத் தள்ளறது உள்ள இருக்கற சுருள். ரெண்டு உலோகத்தை ஒட்டிச் சுருட்டியிருக்கும். சூடு பட்டா ஒண்ணு கூட விரியும், இன்னொண்ணு கம்மியா விரியும், அந்த இழுபறியில முள் நகரும். கெட்டா எல்லா இடத்துலயும் கெடும். கடையில ஒழுங்கா நடந்துக்கிட்டு வீட்டுல மட்டும் வம்பு பண்றது புருஷங்கதான், தெர்மாமீட்டர் இல்ல.

— எனக்கு இது வேண்டாம். புதுசு ஒண்ணு கொடு.

— நல்லா இருக்கறதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா? வியாபாரம் எனக்கு வலிக்குமா என்ன, கொடுக்கறேன். இது உங்களோடது மாதிரியே காந்தம். இது கம்பி வச்சது, குழாயில ஓட்டை போட்டு உள்ள விடணும், உள்ளே போற புகையோட சூட்டையே சொல்லும். வெளியில நூறு இருந்தா உள்ள இருநூறு பக்கம் இருக்கும். ஆனா தம்பி குழாயில ஓட்டை போட உங்களுக்குப் பத்திரத்துல இடம் இருக்கான்னு பாத்துக்கோங்க.

— மூணாவது?

— இது டிஜிட்டல். நீங்க ஒரு எண் வச்சிட்டா, அந்தச் சூட்டைத் தாண்டினதும் கத்தும். வீட்டுக்கே கேக்கும்.

— தாண்டினா கத்தறது இருக்கட்டும். குறைஞ்சா கத்துமா?

— எதுக்கு?

— கேட்டதுக்குப் பதில் சொல்லும்மா. காலையில அஞ்சே காலுக்குள்ள நாப்பதைத் தொடலைன்னா கத்துமா?

— சார், இருபது வருஷமா இந்தக் கடையில நிக்கறேன். அடுப்பு அதிகமாச் சூடானா எழுப்பணும்னு கேக்கறவங்களைப் பாத்திருக்கேன். அடுத்தவன் அடுப்பு பத்தலைன்னா என்னை எழுப்புன்னு கேக்கற ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன்.

— ஒரு தகவலுக்குக் கேட்டேன்.

— அந்த நோட்டைக் கொடுங்க.

— எதுக்கு? அப்புறம் பாக்கறேன்னியே.

— அப்புறம் வந்துடுச்சு. கொடுங்க. ...அப்பா, என்ன கையெழுத்து! அச்சடிச்ச மாதிரி. ‘திங்கள். அஞ்சு பத்துக்கு முள் எழுந்தது. அஞ்சு நாப்பதுக்கு அறுபத்தெட்டு. ஆறு மணிக்கு மறுபடி விறகு. குறிப்பு, ஈர விறகு, ஏற்றம் மந்தம்.’ ‘செவ்வாய். அஞ்சு எட்டு.’ ‘புதன். நாலரைக்கே எழுந்தது. குறிப்பு, இருமலாக இருக்கலாம்.’ இருமலா?

— தூக்கம் இல்லாமத்தானே சீக்கிரம் பத்த வைக்கணும். தூக்கம் ஏன் வரல? பனிக்காலத்துல அவனுக்கு இருமல் வரும். சின்ன வயசுல இருந்தே. காரணம் எழுதணும் இல்லையா, பதிவுன்னா முழுசா இருக்கணும்.

— ‘வெள்ளி. ராத்திரி பத்து வரைக்கும் எழுபத்தைந்து. குறிப்பு, யாரோ வந்திருக்கிறார்கள், சிரிப்புச் சத்தம்.’ ‘சனி. குறிப்பு, இருமல் இல்லை.’ இது எதுக்கு சார் எழுதறீங்க, நிஜமாச் சொல்லுங்க?

— புகார் கொடுக்க. நகராட்சியில தீப் பாதுகாப்புப் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. என் படுக்கையறையில கொதிக்கற குழாய் போகுது, ஆபத்துன்னு வருஷத்துக்கு ஒண்ணு எழுதறேன். எட்டு மனு ஆச்சு. ஒரு பய எட்டிப் பாத்ததில்ல. இந்த வருஷம் பதிவுத் தபால்ல போட்டிருக்கேன்.

— நகராட்சிக்கு இருமலையும் சேத்து அனுப்பினீங்களா?

— அதெல்லாம் இணைப்புல போகாது.

— இன்னொரு விஷயம் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இந்தத் தெர்மாமீட்டர்ல மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புன்னு போட்டிருக்கே, அது அடுப்புக்கு மேல ஒரு முழம் தள்ளி ஒட்டினாத்தான் பொருந்தும். மஞ்சள்னா புகை குளிர்ந்து குழாய்க்குள்ள தார் மாதிரி படியும், சிவப்புன்னா தீப்பிடிக்கும். நீங்க அடுத்த மாடியில ஒட்டிட்டு ‘எப்பவும் மஞ்சள், ஒழுங்காக எரிப்பதில்லை’ன்னு எட்டு வருஷம் எழுதியிருக்கீங்க. அவர் பிரமாதமாத்தான் எரிச்சிருக்கார். முப்பத்திரண்டு வருஷ அனுபவம், ஒட்டற இடம் தப்பு.

— ...அது பெட்டியில எழுதியிருக்கலையே.

— எழுதியிருக்கு. பின்பக்கம்.

— சின்ன எழுத்தா இருக்கும்.

— இருக்கட்டும். இருங்க இருங்க, எனக்கு இன்னொண்ணு இடிக்குது. மேல் மாடியில காந்தத் தெர்மாமீட்டர் எழுபது காட்டுதுன்னா அது ஒத்தைக் குழாய். மாடி அறைக்குள்ள போறதுக்கு எல்லாரும் ரெட்டைக் குழாய்தான் போடுவாங்க, குழாய்க்குள்ள குழாய், நடுவுல சூடு தாங்கற பஞ்சு. அதுல வெளிப்பக்கம் சூடே தெரியாது, முள் இருபது முப்பதைத் தாண்டாது. உங்க வீடு எங்க இருக்கு?

— தண்ணித் தொட்டிக்குப் பின்னால. பச்சைக் கதவு.

— பச்சைக் கதவா! வெளிப்பக்கமா இரும்புப் படி ஏறுமே, அந்த வீடா? அந்தக் குழாயே நாங்க மாட்டினதுதான்! எங்க வீட்டுக்காரரும் நானும். எட்டு வருஷம் இருக்கும். மேல் வீடு காலியாக் கிடந்தது. ‘அடுத்த வாரம் ஆள் வருது’ன்னார் உங்க தம்பி.

— நான்தான் அந்த ஆள். ரிடையர் ஆகி வந்தேன்.

— அங்க நல்ல ரெட்டைக் குழாய் இருந்தது சார். அதைக் கழட்டிட்டு ஒத்தைக் குழாய் போடச் சொன்னார். எங்க வீட்டுக்காரர் தலையில அடிச்சுக்கிட்டார். ஊரெல்லாம் ஒத்தையைக் கழட்டி ரெட்டை போடுது, இவர் தலைகீழாக் கேக்கறாரேன்னு. ‘சூடெல்லாம் மாடியில வீணாப் போயிடும் அண்ணே, கூரைக்குப் போறதுக்குள்ள புகை குளிர்ந்திடும், வருஷத்துக்கு ரெண்டு தடவை குழாயைச் சுத்தம் பண்ணணும்’னு நானும் சொன்னேன். கேக்கல. ‘தரையைத் தாண்டற இடத்துல பத்திரமாப் போடுங்க, அறைக்குள்ள ஒத்தையாவே இருக்கட்டும், யாரும் தொட்டுடாம ஒரு கம்பி வலை கட்டிடுங்க’ன்னார். ஏன்னு கேட்டா ரைட்டு ரைட்டுன்னு சிரிச்சார்.

— ஏன்னு நான் சொல்றேன். என்னைப் புழுங்க வைக்கத்தான். ராத்திரி சட்டையைக் கழட்டிட்டுப் படுக்கறேன் தெரியுமா? வெளியில பனி கொட்டுது, நான் ஜன்னலைத் திறந்து வச்சிருக்கேன்.

— ஐயோ பாவம். என்ன கொடுமை. உங்க தம்பி எத்தனை மணிக்கு வேலைக்குப் போவார்?

— ஆறே காலுக்குப் போவான். சாயங்காலம் ஆறுக்கு வருவான். ஒண்டிக்கட்டை.

— கீழ வேற யாரும் இல்ல?

— யாரும் இல்ல.

— ஆறு மணிக்கு மறுபடி விறகு போடறார்னு எழுதியிருக்கீங்களே. கால் மணி நேரத்துல கிளம்பறவர், ஆளில்லாத வீட்டுக்கு எதுக்கு அடுப்பை நிரப்பிட்டுப் போறார்?

— கவனக்குறைவு. அதுவும் மனுவுல இருக்கு, நாலாவது பத்தி.

— உங்களை நினைச்சா எனக்குப் புல்லரிக்குது சார். சரி, கடைசியா ஒண்ணு. தெர்மாமீட்டர் கெடல. மூணு சாட்சி வச்சுப் பாத்தாச்சு. அப்ப உங்க குழாய் நிஜமாவே பதினெட்டுலதான் இருந்திருக்கு. கீழ அடுப்பு பத்தல.

— இல்ல. அவன் பத்த வைக்காம இருக்க மாட்டான். எட்டு வருஷத்துல பனிக்காலத்துல ஒரு நாள் கூட இல்ல. காய்ச்சல்லயும் பத்த வச்சான். பதிவுல இருக்கு. இது கெட்டுப்போச்சு, அவ்வளவுதான். நீ எழுதிக் கொடு.

— கீழ இறங்கிப் போய்ப் பாத்தீங்களா?

— எதுக்கு?

— எதுக்கா? படி எத்தனை?

— பதினாலு.

— பதினாலு படி இறங்கி ஒரு கதவைத் தட்டறதை விட்டுட்டு, குழாயில இருந்து இதைப் பிச்செடுத்து, துண்டுல சுத்தி, பஸ் பிடிச்சு இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க.

— ரெண்டு பஸ்.

— ரெண்டா? தண்ணித் தொட்டியில இருந்து இங்க நேரா ஏழாம் நம்பர் வருதே!

— அது அவன் ஓட்டறது. நான் அதுல ஏற மாட்டேன்.

— அதுல ஏற வேண்டாம், நிறுத்தத்துல நின்னிருந்தாலே ஆள் இருக்காரா இல்லையான்னு கண்ணுல பட்டிருக்குமே!

— நின்னேன்.

— என்னது?

— நின்னேன்னு சொல்றேன் இல்ல. பெட்டிக்கடைக்குப் பின்னால நின்னேன். ஏழாம் நம்பர் வந்தது. வேற யாரோ ஓட்டினான். அடுத்த வண்டிக்கும் நின்னேன். அதையும் வேற யாரோ.

— சார்...

— அவனுக்குப் போன வருஷம் நெஞ்சு வலி வந்தது. மூணு நாள் முள் எழும்பல. அது வெயில்காலம், எப்படியும் பத்த வைக்க மாட்டான்னு நான் சும்மா இருந்துட்டேன். அப்புறம் தபால்காரன் சொல்லித்தான் தெரியும், ஆஸ்பத்திரியில இருந்தான்னு. என் காலுக்குக் கீழ பத்தடியில இருக்கறவன். தபால்காரன் சொல்லித் தெரிஞ்சுக்கிட்டேன்.

— இன்னிக்குப் போய்த் தட்டியிருக்கலாமே.

— தட்டி, அவன் திறக்கலைன்னா? சொல்லு. தட்டிக்கிட்டே நிக்கறேன், உள்ள இருந்து சத்தமே வரலைன்னா நான் என்னம்மா பண்றது? எட்டாவது படி வரைக்கும் இறங்கினேன். அதுக்கு மேல கால் வரல. இது கெட்டுப்போச்சுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லிட்டா எனக்கு அந்த ஆறு படி இறங்க வேண்டாம். வேற ஒண்ணும் நான் கேக்கல உன்கிட்ட.

— தண்ணி குடிங்க. அந்தத் துப்பாக்கியை முதல்ல கீழ வைங்க. அவர் நம்பர் என்கிட்ட இருக்கு, வருஷா வருஷம் குழாய் சுத்தம் பண்ணக் கூப்பிடுவார் இல்ல. நான் போடறேன்.

— வேண்டாம்.

— போட்டுட்டேன்.

— வேண்டாம்மா. வை. நான் வெளியில போயிடறேன்.

— உக்காருங்க சார், அசையாதீங்க. மணி அடிக்குது. ஸ்பீக்கர்ல போடறேன், உங்களுக்கும் கேக்கட்டும். மூச்சு விடாம இருங்க.

— எடுக்கல.

— அடிக்குது இன்னும்.

— எடுக்கல பாரு.

— ஹலோ? யாரு? சத்தமா இருக்கு இங்க, உரக்கப் பேசுங்க!

— அண்ணே! அடுப்புக் கடையில இருந்து பேசறேன். எப்படி இருக்கீங்க?

— ரைட்டு, தங்கச்சியா! நானே உன்னைக் கூப்பிடணும்னு இருந்தேன். எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். இன்னிக்கு வண்டிக்குப் போகல, லீவு போட்டு நகராட்சி ஆபீஸ்ல வந்து வரிசையில நிக்கறேன். எட்டு மணிக்கே வந்துட்டேன். நாப்பத்தி ஒண்ணாம் டோக்கன். இப்பத்தான் பன்னெண்டு ஓடுது.

— சார், கேட்டுச்சா? கல்லு மாதிரி இருக்காராம். அழாதீங்க சார்.

— யாரு அழறது? கடையில ஆள் இருக்காங்களா தங்கச்சி?

— ஒரு வாடிக்கைக்காரர் அண்ணே. தெர்மாமீட்டர் நல்லா இருக்குன்னு சொன்னேன், அந்தச் சந்தோஷம் தாங்கல. நீங்க சொல்லுங்க, நகராட்சியில என்ன வேலை?

— நேத்து சாயங்காலம் ஒரு நோட்டீஸ் வந்தது. யாரோ மனுக் கொடுத்திருக்காங்களாம்.

— யாரோவா?

— யாரோதான். பேர் போட்டிருக்கல, ஆனா மனுவைப் பிரதி எடுத்து வச்சிருக்காங்க. கையெழுத்து அச்சு மாதிரி இருக்கு. எழுபது டிகிரி, எழுபத்தஞ்சு டிகிரின்னு நேரம் கிழமையோட எழுதியிருக்கு. படிச்சுட்டு ராத்திரி ரொம்ப நேரம் சிரிச்சேன் போ. நம்மளை இவ்வளவு உன்னிப்பாப் பாக்க இந்த ஊர்ல ஒரு ஆளு இருக்கே.

— நோட்டீஸ்ல என்ன சொல்றாங்க?

— மேல்மாடி அறைக்குள்ள போற குழாயை ரெட்டையா மாத்தணுமாம், இல்லைன்னா சூடு வெளிய வராத உறை போட்டு மூடணுமாம். அதைச் செய்யற வரைக்கும் அடுப்பைப் பத்த வைக்கக் கூடாது. அதான் காலையில பத்த வைக்கல. ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு வந்து நிக்கறேன். உறை இல்லாமலே ஒத்தைக் குழாய்க்கு அனுமதி கொடுங்கன்னு கேக்கப் போறேன்.

— இதுக்கா லீவு போட்டு வரிசையில நிக்கறீங்க? உறை போடறது எங்க வீட்டுக்காரருக்கு ஒரு மணி நேர வேலை அண்ணே. சாயங்காலமே வந்து மூடிடுவார். ராத்திரியே நீங்க ஜம்முன்னு பத்த வச்சுக்கலாம். உங்களுக்கு விறகும் பாதி மிச்சம்.

— தெரியும் தங்கச்சி. எனக்குக் கீழ ஒரு குறையும் வராது, ரைட்டு. ஆனா உறை போட்டுட்டா மேல சூடு போகாதே. அண்ணனுக்குக் குளிரும்ல?